அடைக்கலமாக வந்த எக்லெக்டஸ் கிளி: தீனியும் பராமரிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கைவிடப்பட்ட வளர்ப்புக் கிளிகளை வாங்கித் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கும் சிலர் சேர்ந்து பதில் சொல்லி வரும் கேள்விகள் இவை. கேரள–தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தும் பொள்ளாச்சிப் பக்கம் இருந்தும் போன் செய்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். வேறு கிளிகளுக்கும் பொருந்துவது இதில் உண்டு. ஆனால் தீனி விஷயத்தில் எக்லெக்டஸ் தனி வகை. அதனால் அந்தப் பகுதியே நீளமாக இருக்கும்.

எங்களிடம் கொடுத்த கிளி சிவப்பு. பக்கத்து ஊர்க்காரரிடம் இருப்பது பச்சை. இரண்டுமே எக்லெக்டஸ் என்கிறார்களே?

இரண்டும் ஒன்றுதான். பச்சை உடம்பும் ஆரஞ்சு அலகும் இருந்தால் ஆண். சிவப்பு உடம்பு, நீலமோ ஊதாவோ கலந்த மார்பு, கறுப்பு அலகு என்றால் பெண். வெளுப்பும் கறுப்பும் போல அவ்வளவு வித்தியாசமாக இருந்ததால், ஐரோப்பிய ஆய்வாளர்களே 1870கள் வரை இவற்றை இரண்டு தனி இனங்கள் என்று நினைத்திருந்தார்கள். உங்களுக்கு இதில் ஒரு லாபம்: ஆணா பெண்ணா என்று அறிய டிஎன்ஏ சோதனைக்குச் செலவு செய்ய வேண்டாம்.

நியூ கினி, சாலமன் தீவுகள், இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனை ஆகியவைதான் இவற்றின் சொந்த நிலம். மழைக்காட்டுப் பறவை. அங்கே அத்தி வகைகள், தாழை இனப் பழங்கள், கொட்டைகள், பூக்கள், இளந்தளிர்கள் என்று தின்று வாழ்கிறது. தீனியைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

வயதை ஓரளவு கண்ணில் பார்க்கலாம். குஞ்சுக்குக் கருவிழியைச் சுற்றிய வளையமும் கருமையாகவே இருக்கும். வளர வளர ஆணுக்கு ஆரஞ்சாகவும் பெண்ணுக்கு மஞ்சளாகவும் மாறும். ஆண் குஞ்சின் அலகும் முதலில் கறுத்துத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் என்ன செய்வது?

வேறு பறவை இருக்கிற வீடென்றால் தனி அறை. 30 முதல் 45 நாள் வரை தனியாக வைக்க வேண்டும். கடையிலிருந்தோ கூட்டமாக வளர்த்த இடத்திலிருந்தோ வரும் பறவை, பார்க்கத் தெம்பாக இருந்தாலும் அலகு–இறகு நோய் வைரஸையோ கிளிக்காய்ச்சல் கிருமியையோ சுமந்து வரலாம். கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். எச்சம் காய்ந்து தூசியாகப் பறக்க விடாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்களோ கர்ப்பிணியோ இருந்தால் மருத்துவர் பார்த்து முடிக்கும் வரை அவர்கள் அந்த அறைப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

அப்புறம் எடை. இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் போதாது. சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, அதன்மேல் ஒரு சின்னக் கட்டையைக் கட்டி, தினமும் காலையில் முதல் எச்சம் போட்டபின், தீனி வைக்குமுன் நிறுத்து எழுதி வையுங்கள். வகையைப் பொறுத்து வளர்ந்த எக்லெக்டஸ் 350 கிராமிலிருந்து 550 கிராம் வரை இருக்கும். சாலமன் வகை சிறியது. அந்தப் பறவையின் எடை எவ்வளவு என்பதைவிட, அது நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். நோயை மறைப்பது கிளியின் இயல்பு. பக்கத்தில் யாரும் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். தராசிடம் மறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் வாரத்தில் தீனியை மாற்றாதீர்கள். பழைய வீட்டில் தின்றது கெட்ட தீனியாக இருந்தாலும் அதையே கொடுங்கள். இடமும் ஆளும் மாறியிருக்கும்போது தட்டும் மாறினால் சாப்பிடாமலே கிடக்கும்.

பச்சைக்கிளிக்குப் போடுவதைத்தானே இதற்கும் போடுகிறோம்? நன்றாகத்தான் தின்கிறது.

தின்னும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தெரியும்.

சூரியகாந்தி விதை, நிலக்கடலை, கொஞ்சம் சோறு, டீயில் நனைத்த பிஸ்கட். எங்களிடம் வரும் கிளிகளில் முக்கால்வாசி இதில் வளர்ந்தவைதான். கொடுத்தவர்கள் பாசத்தோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் இதில் கொழுப்பு நிறைய, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியமும் இல்லை. எக்லெக்டஸுக்கு வைட்டமின் ஏ தேவை அதிகம். அது குறைந்தால் மூக்கு, தொண்டை, குடல் எல்லாவற்றின் உள்தோலும் கெட்டுப்போகும். அந்த வழியாகத்தான் கிருமி நுழைகிறது. மருத்துவர் அலகைத் திறந்து மேல் அண்ணத்தில் இருக்கும் பிளவைப் பார்ப்பதைக் கவனியுங்கள். நல்ல பறவைக்கு அந்தப் பிளவின் ஓரமாகக் கூரான சிறு நீட்சிகள் வரிசையாக நிற்கும். விதை மட்டும் தின்ற பறவைக்கு அவை மழுங்கி, சில சமயம் இல்லாமலே போயிருக்கும்.

எக்லெக்டஸுக்குக் குடல் நீளம் என்று வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு எதிரில் நடப்பதைப் பார்த்தாலும் போதும். நார்ச்சத்தும் ஈரமும் உள்ள பழம், கீரை, காயில் இருக்கும்போது இறகு மினுக்குகிறது, எச்சம் ஒழுங்காகிறது, கத்தல் குறைகிறது. பொட்டலத் தீனியில் இருக்கும்போது இதெல்லாம் தலைகீழ்.

சரி, ஒரு நாளைக்கு என்னதான் கொடுப்பது?

காலையில் பெரிய தட்டு. அதில் பாதிக்குமேல் காயும் கீரையும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பழம், மீதிக்கு வேகவைத்த பயறோ முளைகட்டியதோ தானியமோ. சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணம். இதற்கு எந்த இறக்குமதிப் பொட்டலமும் வேண்டாம். நம் சந்தையும் கொல்லைப்புறமுமே போதும்.

கீரையில் முருங்கைக்கு நிகர் எதுவும் இல்லை. கால்சியம், கரோட்டின் இரண்டும் அதில் இருக்கின்றன. கொத்தாக ஒடித்து, கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல் கம்பியில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள். முதல் நாள் பயந்து ஒதுங்கும். மூன்றாம் நாள் அந்த ஈரத்தில் தலையைத் தேய்த்துக் குளிக்கும். குளிக்கும்போதே ஒரு இலை வாய்க்குள் போகும். கழுத்துப் பக்கம் இந்தக் கிளியின் இறகு ரோமம் போல மென்மையாக இருப்பதால், நனைந்து சிலிர்த்து நிற்கும்போது வேறு ஏதோ பிராணி போலத் தோன்றும். பார்க்க அவ்வளவு அழகு. அகத்தி, தண்டுக்கீரை, கொத்தமல்லி எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கீரையை மட்டும் எப்போதாவது கொடுங்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காயில் மஞ்சள் பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ், குடைமிளகாய், பாகற்காய். கிழங்கை வேகவைத்துக் கொடுங்கள். சிவந்த மிளகாய்ப் பழத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். காரம் பறவைகளுக்கு உறைக்காது, விதையோடு மென்று முடித்துவிடும். பூசணி விதையையும் எறிய வேண்டாம்.

பழத்தில் மாதுளை இருந்தால் இது வேறெதையும் பார்க்காது. ஒவ்வொரு முத்தாக எடுத்து, நாக்கால் அழுத்திச் சாற்றை உறிஞ்சி, தோலை உதறிவிடும். சுவரெல்லாம் சிவப்புத் தெறிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். பப்பாளியை விதையோடு கொடுக்கலாம். கொய்யா, சப்போட்டாச் சதை, நேந்திரன், பலாச்சுளை எல்லாம் சரி. ஓடைக்கரை நாட்டு அத்தி காய்க்கும் காலத்தில் ஒரு கை பறித்து வந்து, பிளந்து பார்த்துக் கொடுங்கள். இதன் காட்டுத் தீனிக்கு மிக அருகில் நம்மிடம் இருப்பது அதுதான். முதலமடை மாம்பழக் காலத்தில் எல்லோருக்கும் ஆசை வரும். கொடுங்கள், ஆனால் தோலைச் சீவிவிட்டு. தோப்புகளில் மருந்தடிப்பது நமக்குத் தெரிந்ததுதான். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வேண்டவே வேண்டாம். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட வேண்டும்.

பயறு வகையில் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் முளைகட்டலாம். ராஜ்மா, மொச்சை போன்றவற்றைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஊறவைத்து, நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். முளைகட்டியதைத் தினம் இரண்டு மூன்று முறை அலசி, மூக்கருகில் வைத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாசம் லேசாக வந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். வேகவைத்த ராகி, சாமை, தினை, கைக்குத்தல் அரிசி கொஞ்சம் கலக்கலாம். உப்பும் தாளிப்பும் கூடாது.

நம் வெயிலுக்கு ஈரத்தீனி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. மதியம் வரை விட்டுவைக்கும் பழக்கத்தால்தான் குடல் தொற்று வருகிறது.

எதைக் கொடுத்தாலும் சூரியகாந்தி விதை தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறது.

பல வருடம் ஒரே தீனி தின்ற பறவைக்குப் பப்பாளித் துண்டு உணவாகவே தெரியாது. "பசித்தால் தானாகத் தின்னும்" என்று விதையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். கிளி பட்டினி கிடந்தே செத்துப்போகும், புதியதைத் தொடாது.

நாங்கள் செய்வது இது. அதே சூரியகாந்தி விதையைத் தொலியோடு ஊறவைத்து முளைகட்டுவோம். வாசமும் உருவமும் பழகியது, ஆனால் ஈரமாக இருக்கும். இதைத் தின்னப் பழகியதும், பாலம் போட்டாயிற்று. பொடியாகத் துருவிய கேரட்டை அந்த ஈர விதையில் புரட்டுவோம். விதையை எடுக்கும்போது கேரட்டும் ஒட்டிக்கொண்டு வரும். விதையின் அளவு வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறையும், தட்டின் மற்ற பகுதி வளரும். காலையில் பசியோடு இருக்கும்போது புதியதையும், சாயங்காலம் பழையதையும் வைப்போம். சிலதுக்கு ஒரு மாதம் பிடிக்கும், சிலதுக்கு அரை வருடம். தராசுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், எடை இறங்கினால் ஒரு படி பின்னுக்கு வர வேண்டும்.

இன்னொன்று: அதன் எதிரில் உட்கார்ந்து நீங்கள் தின்னுங்கள். கொய்யாவைக் கடித்து, ருசித்து, அதற்குக் கொடுக்காமல் தின்னுங்கள். கூட்டமாகத் தின்று வாழும் பறவை இது, அடுத்தவர் தின்பதைப் பார்த்துத்தான் கற்கும். வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்வார்கள்.

கடைக்காரர் பெல்லட்டும் (அரைத்து உருண்டையாக்கிய பொட்டலத் தீனி) வைட்டமின் சொட்டு மருந்தும் கொடுத்தார். கொடுக்கலாமா?

நன்றாகச் சாப்பிடும் எக்லெக்டஸுக்குச் சொட்டு மருந்து வேண்டாம். இதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். கீரையிலும் பூசணியிலும் இருப்பது கரோட்டின். உடம்பு தேவைக்கு ஏற்பத்தான் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். சொட்டில் இருப்பது நேரடி வைட்டமின் ஏ. மிஞ்சினால் ஈரலில் சேர்ந்துவிடும். தண்ணீரில் கலந்தால் எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கும் இல்லை. குறைபாடு இருப்பதாக மருத்துவர் கண்டுபிடித்து, அளவு எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள்.

செயற்கை வைட்டமின் கூட்டிய தீனியும் வண்ணம் போட்ட பெல்லட்டும் தின்னும் எக்லெக்டஸ்களில், கால்விரல்களைக் கட்டையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பதும் இறக்கையை வெட்டி வெட்டி இழுப்பதும் அதிகம் காணப்படுகின்றன. தன் விருப்பத்தில் செய்வதல்ல, தூக்கத்தில்கூட வரும். கண்டால் அந்தத் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கால்சியக் குறைவு, உலோக நஞ்சு போன்றவையும் இதே போலக் காட்டும் என்பதால் ரத்தம் பார்ப்பது நல்லது. பெல்லட்டுக்கே பழகிய கிளி என்றால் வண்ணம் இல்லாததாக மாற்றி, மெல்ல மெல்லக் குறைத்து, ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

கூடவே கூடாதவை?

பட்டர் ஃப்ரூட். இதை முதலில் சொல்கிறோம், ஏனென்றால் "பழம்தானே" என்று கொடுத்துவிடுகிறார்கள். சதையும் கொட்டையும் இலையும் கிளிக்கு விஷம். சாக்லேட், டீ, காபி, கள், வெங்காயம், பூண்டு, உப்பு சேர்ந்த மிக்சர், ஊறுகாய், பால் ஆகியவையும் வேண்டாம். நிலக்கடலையில் பூஞ்சைக்காளான் நஞ்சு இருக்கலாம். மழைக்காலத்தில் வாங்கிய ஈரக் கடலையில் அது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தின்பது மட்டுமல்ல, மூச்சில் போவதும் கொல்லும். நான்ஸ்டிக் தவா அதிகம் சூடேறினால் வரும் புகை நம் மூக்குக்குத் தெரியாது. பக்கத்து அறையிலிருக்கும் கிளி சில நிமிடங்களில் இறந்துவிடும். கிளி இருக்கும் வீட்டில் அந்தப் பாத்திரமே வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணி, விறகடுப்பு எல்லாம் கிளி அறையை விட்டுத் தூரத்தில். புது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் கூண்டு அடித்திருந்தால் வினிகரும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே கிளியை விடுங்கள். துத்தநாகத் துணுக்கைக் கொறித்துத் தின்றுவிடும்.

எச்சம் தண்ணீராகப் போகிறது. வயிற்றுப்போக்கா?

பழம் தின்னும் பறவைக்கு எச்சத்தைச் சுற்றி நீர் அதிகமாகத்தான் இருக்கும். நடுவிலுள்ள பச்சைப் பகுதி உருவமாக இருந்தால் கவலை இல்லை. பீட்ரூட் தின்றால் சிவப்பு, பப்பாளி தின்றால் ஆரஞ்சு. அந்தப் பச்சைப் பகுதியே கரைந்து போனாலோ, முழு விதை அப்படியே வந்தாலோ, வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மார்பு இறகை எல்லாம் பிடுங்கிவிட்டது. மொட்டையாக இருக்கிறது.

எக்லெக்டஸ் இதில் பேர்போனது. முதலில் தலையைப் பாருங்கள். தலை இறகு முழுசாக இருந்து உடம்பு மட்டும் மொட்டை என்றால், தானே பிடுங்குகிறது, ஏனென்றால் தன் தலைக்கு அலகு எட்டாது. தலையும் மொட்டை என்றால் உடன் இருக்கும் பறவை பிடுங்கியிருக்கும், அல்லது நோய். அலகு–இறகு நோய்க்குப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

தானே பிடுங்குவதற்குத் தீனி ஒரு காரணம். வறண்ட தோல், சலிப்பு, தூக்கக் குறைவு, இணைதேடும் பருவம், உள்நோய் எல்லாமும் காரணம். பிடுங்கும்போது ஓடிப்போய்த் திட்டாதீர்கள், பிடுங்கினால் ஆள் வருவார் என்று பழகிக்கொள்ளும். தினம் ஒருமுறை இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளியுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும், டிவி இருக்கும் கூடத்தில் அது நடக்காது. கடித்துக் கிழிக்க ஏதாவது எப்போதும் இருக்கட்டும்: தென்னை மட்டை, முருங்கைக் கிளை, பனையோலை, கொய்யாக் கொம்பு. தீனியில் பாதியை ஓலைக்குள் மடித்து மறைத்துக் கொடுத்தால் தேடியெடுப்பதில் காலை நேரம் ஓடிவிடும். வேர்க்கால் கெட்டிருந்தால் சில இடத்தில் இறகு திரும்ப முளைக்காது. அப்படிப்பட்ட கிளியும் சந்தோஷமாக வாழும், அதை அழகில்லை என்று ஒதுக்காதீர்கள்.

பெண் கிளி கிட்டேயே விடவில்லை. ஆணை வாங்கிச் சேர்த்தால் சரியாகுமா?

ஆகாது. காட்டில் இந்தப் பெண் பறவை நல்ல மரப்பொந்து கிடைத்தால் வருடத்தில் பெரும்பகுதி அதிலேயே காவல் இருக்கும். பல ஆண்கள் மாறி மாறி வந்து ஊட்டிவிட்டுப் போவார்கள். தன் இடத்தைக் காப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. கூண்டுக்குள் கை விட்டால் கடிக்கத்தான் செய்யும். வெளியே கட்டையில் வரவழைத்துப் பழகுங்கள். சின்னக் கூண்டில் ஆணைத் தள்ளினால் ஆணுக்குத்தான் காயம், சில நேரம் உயிரே போகும்.

பெட்டி, பானை, பீரோ இடுக்கு என்று இருட்டான இடம் எதையும் காட்டாதீர்கள். கண்டால் முட்டையிடத் தொடங்கும், ஆண் இல்லாமலே இடும். கால்சியம் வற்றும், முட்டை சிக்கும். கணவாய் மீனின் ஓடும் காலை வெயிலும் அவசியம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வேண்டிய கதிர் இருக்காது, திறந்த வெளியில் நிழலும் ஒரு பக்கம் இருக்கும்படி வையுங்கள். வயிறு உப்பி, கூண்டுத் தரையில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

நம் ஊர் வெயிலையும் காற்றையும் தாங்குமா?

மழைக்காட்டுப் பறவைக்கு ஈரம் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த மாதங்களில் தினமும் இருவேளை தண்ணீர் தெளியுங்கள், நேரடிக் காற்றுக்குத் தட்டி கட்டுங்கள். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும்போது வாயைத் திறந்து இறக்கையை விலக்கி மூச்சு வாங்கினால், நிழலுக்கு மாற்றிக் காலையும் இறக்கை அடியையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

ஏப்ரல் தொடக்கத்தில் நெம்மாறை–வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா வரும். வெடிச்சத்தம் கேட்கும் ஊர்களில் இருப்பவர்கள் அன்றிரவு கிளியை உள்ளறைக்கு மாற்றி, சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டு, உடன் யாராவது இருங்கள். கும்மிருட்டில் திடுக்கிட்டுப் பறந்து கம்பியில் மோதித்தான் இறக்கை ஒடிகிறது.

எந்த மருத்துவரிடம் காட்டுவது?

எல்லாக் கால்நடை மருத்துவரும் கிளி பார்ப்பதில்லை. கிளி நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். இந்தப் பக்கம் திருச்சூர் மண்ணுத்தியிலும், அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போன் செய்து பறவை பார்ப்பவர் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். எடை எழுதிய தாளையும், அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

சட்டச் சிக்கல் எதுவும் உண்டா?

உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எக்லெக்டஸ், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் அந்தத் திருத்தத்துக்குள் வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இப்படிப்பட்ட உயிரினம் கையில் வந்தால் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கிளியோடு முந்தைய வீட்டுக்காரரின் பதிவுத்தாளையும் கேட்டு வாங்குங்கள். வாளையாரிலோ கோபாலபுரத்திலோ மாநில எல்லையைத் தாண்டும்போது அது கையில் இருக்கட்டும்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியை இத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம். அடிபட்டுக் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

வைத்துக்கொள்ள முடியவில்லை. பறக்க விட்டுவிடலாமா?

கூடாது. கூண்டில் பிறந்த எக்லெக்டஸுக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது. ஓரிரு நாளில் காகம் கொத்தும், இல்லையென்றால் பட்டினி. தப்பிப் பிழைத்தால் நம் காட்டுப் பறவைகளுக்கு நோயைக் கொண்டுபோகும்.

30 வருடம்கூட வாழக்கூடிய பறவை என்பதால் வளைகுடா வேலை, பிள்ளைப்பேறு, வாடகை வீடு என்று நிலைமை மாறுவது இயல்புதான். எங்களைக் கேட்பவர்களை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு முதலில் கேட்டவருக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். வாங்குபவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்: சமையலறை எங்கே, கூண்டு வைக்கும் இடம் எது, பகலில் யார் இருப்பார்கள். கிளியோடு அதன் தட்டு, பழகிய கட்டை, எடைக் கணக்கு, என்ன தின்னும் எதைத் துப்பும் என்று எழுதிய தாள், ஒரு வாரத்துக்கான தீனி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் பத்து நாள் தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போன் செய்து எடை கேளுங்கள்.